குளிர்காலத்தில் சங்குச் சத்தம் ஏன் தூரம் போகிறது?

நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மார்கழி, தை மாத விடியற்காலையில் எதிர் மலை எஸ்டேட்டின் சங்குகூட (சைரன்) பளிச்சென்று கேட்கும். அதே சங்கு வெயில் ஏறிய மத்தியானத்தில் மங்கலாகத்தான் வரும். சில நாள் காதிலேயே விழாது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஒலியைப் பற்றிச் சொல்லித்தர இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பேன். "ஒலி ஒரு வகை ஆற்றல்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். சங்கிலிருந்து தொடங்கினால் கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும்.

முதலில் அதிர்வு. தொண்டையில் விரல் வைத்து "ம்ம்ம்" சொல்லச் சொல்லுங்கள், நடுக்கம் தெரியும். அப்புறம் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றின் வாயில் பலூன் துண்டை இழுத்துக் கட்டி, மேலே நாலு அரிசி போடுங்கள். பக்கத்தில் நின்று உரக்க "ஊ" என்றால் அரிசி துள்ளும். "நீங்க ஊதினீங்க சார்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல சந்தேகம் அது. ஒரு தட்டை அருகில் பிடித்துக் கரண்டியால் ஓங்கித் தட்டிக் காட்டுங்கள். மூச்சுக்காற்றே படாமல் அரிசி துள்ளும். தட்டை ஒட்டிய காற்று அடுத்த காற்றைத் தள்ளுகிறது, அது அதற்கடுத்ததை. காற்று தன் இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்க, அதிர்வு மட்டும் கைமாறிப் போகிறது.

எவ்வளவு வேகமாகப் போகும்? 0 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 331 மீட்டர். ஒரு டிகிரி கூடினால் சுமார் 0.6 மீட்டர் கூடும். 35 டிகிரியில் காயும் மேட்டுப்பாளையத்தில் 352 மீட்டர் என்றால், 10 டிகிரியில் நடுங்கும் ஊட்டியில் 337 மீட்டர். மலையில் காற்று மெலிசு, அதனால்தான் ஒலி மெதுவாகப் போகிறது என்று பெரியவர்களே சொல்வதுண்டு. அது சரியில்லை. உயரே போகும்போது அழுத்தம் குறைகிறது. கூடவே அடர்த்தியும் குறைகிறது. வேகத்தைப் பொறுத்தவரை ஒன்றின் குறைவை மற்றது ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது வெப்பநிலைதான்.

சங்கின் விடையும் இதில்தான் இருக்கிறது. மேகமில்லாத குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தோட்டம் தப்பிக்க, பள்ளத்துத் தேயிலை மட்டும் உறைபனியில் கருகுவது இதனால்தான். தோட்டக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஆக, விடியும் நேரத்தில் கீழே குளிர்ந்த காற்று, மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று. சங்கொலியின் மேல்பகுதி வேகமாகவும் கீழ்ப்பகுதி மெதுவாகவும் போவதால், அலை தரைப்பக்கம் வளைகிறது.

வகுப்பறையில் இதை விளக்க முயல வேண்டாம், மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். எட்டுப் பிள்ளைகள் கைகோத்து ஒரே வரிசையாக முன்னால் நடக்கட்டும். ஒரு முனையில் இருப்பவர்கள் எட்டி நடக்க, மறுமுனையில் இருப்பவர்கள் சின்னச் சின்ன அடி வைத்தால், மெதுவாகப் போகும் பக்கமாக வரிசை தானாகவே திரும்பிவிடும். வானத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒலியும் இப்படித்தான் திரும்பித் தூரத்துக் காதுகளுக்கு வருகிறது. மத்தியானம் தரை சூடாகிவிடுவதால் எல்லாம் தலைகீழ்: ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். விடியற்காலையில் மற்றச் சத்தங்கள் குறைவு என்பதும் ஒரு காரணம்தான். அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஆளுக்கொரு நோட்டில் தினமும் குறிக்கச் சொல்லலாம்: இரவு வானம் தெளிவா, மேகமா, காற்று வீசியதா, காலையில் சங்கு கேட்டதா? மேகம் மூடிய இரவில் தரை அவ்வளவாகக் குளிராது. பலத்த காற்றடித்தால் குளிர்காற்றும் வெதுவெதுப்பான காற்றும் கலந்துவிடும். அந்தக் காலைகளில் சங்கு மங்குகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

முதுமலைப் பக்கத்துப் பள்ளி என்றால் யானையையும் பாடத்தில் சேர்க்கலாம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு 20 அதிர்வுக்கும் குறைவாக, உள்ள ஒலி நம் காதுக்கு எட்டாது. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே இருந்த விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன், காதில் எதுவும் விழாமலே காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவு செய்து பார்த்தபோது, அந்தத் தாழ்ந்த ஒலிகளை யானைகள் எழுப்புவது தெரியவந்தது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் அந்தி சாய்ந்து தரை குளிர்ந்ததும், இதே வளைவின் உதவியால் யானையின் அழைப்பு பகலைவிட வெகுதூரம் போகும் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.