மொத்தக் கொலஸ்ட்ரால் 178, அதனால் என்ன?

இருபது வயதுகளில் இருப்பவர்கள் இதயநோய்ப் பிரிவுக்கு வந்தால் முன்பெல்லாம் பெரும்பாலும் பிறவி ஓட்டையாக இருக்கும், அல்லது சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்துவிட்டுப் போன வால்வாக இருக்கும். இப்போது சட்டைக் கை தெறிக்கும் புஜங்களோடு ஒரு இளைஞர் வந்து உட்கார்ந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சென்ற வாரம் வந்தவருக்கு வயது 28. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் படபடப்பு. நான் வாய் திறப்பதற்குள் கைபேசியை நீட்டினார். "ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது டாக்டர். கொலஸ்ட்ரால் நார்மல். ஜிம் மாஸ்டரும் பார்த்துவிட்டார்."

மொத்தக் கொலஸ்ட்ரால் 178. பக்கத்தில் '200-க்குக் கீழ்' என்று அச்சிட்டிருந்தது. மாஸ்டரும் சீடரும் அந்த வரியோடு படிப்பை நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வரிகள்: எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 146, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 14, டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 90.

நன்றாக நடமாடும் ஓர் இளைஞனுக்கு, டிரைகிளிசரைடும் சரியாக இருக்கும்போது, எச்.டி.எல். 14 என்று இவ்வளவு தாழ்ந்து வந்தால் எங்களுக்குத் தோன்றும் முதல் கேள்வி ஒன்றுதான்: தம்பி, என்ன மாத்திரை போடுகிறாய்? வழக்கம்போல முதல் பதில் புரோட்டீன் பவுடர். இரண்டாம் முறை கேட்டபோது வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி. அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான், போட்டிக்காக வின்ஸ்ட்ரால் என்ற, தசை வளர்க்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் போடுவது தெரிந்தது.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்றாலும் இன்னொரு முறை சொல்கிறேன். மொத்தக் கொலஸ்ட்ரால் என்பது ஒரு கூட்டுத்தொகை. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்., நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்., கூடவே டிரைகிளிசரைடில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இந்தத் தம்பிக்கு 146 + 14 + 18 = 178. எந்த மருந்தும் தொடாத அவர் வயதுக்காரர் ஒருவருக்கு 112 + 48 + 18 என்று இருக்கலாம். அதுவும் 178தான். மொத்தத்தை எச்.டி.எல்-ஆல் வகுத்துப் பாருங்கள். மருந்து தொடாதவருக்கு 3.7 வரும், இந்தத் தம்பிக்கு 12.7. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்-ஐக் கழித்தால் அவருக்கு 130, தம்பிக்கு 164. கூட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம் வகுக்கவும் கழிக்கவும் கூடாதா?

இது தற்செயலாக அமைந்ததும் இல்லை. வாய்வழி ஸ்டீராய்டுகள் நல்லதைக் கரைக்கும்போதே கெட்டதை ஏற்றுகின்றன. ஒரு பக்கம் இறங்குவதை மறுபக்கம் ஏறுவது ஈடுகட்டிவிடுவதால் மொத்தம் பெரிதாக அசைவதே இல்லை. உங்களுக்கு ஆறுதல் தருகிற அந்த ஒற்றை எண்தான் இந்த மருந்துகளைக் காட்டிக்கொடுப்பதில் படுமோசமான எண். 1989-லேயே பளுதூக்குபவர்களுக்கு ஸ்டானோசோலால் மாத்திரையை, அதாவது அதே வின்ஸ்ட்ராலை, தினம் 6 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எச்.டி.எல். 33 சதவீதம் விழுந்தது, எல்.டி.எல். 29 சதவீதம் ஏறியது. ஜிம்மில் விழுங்கும் அளவு இதைப்போலப் பல மடங்கு.

அதே ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி எச்.டி.எல்-ஐ 9 சதவீதம்தான் குறைத்தது. அப்படியானால் ஊசி பாதுகாப்பானது என்று வாதாட வருகிறார்கள். 200 மில்லிகிராமோடு நிறுத்துபவர் யாரையாவது காட்டுங்கள், பிறகு பேசுவோம். 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வையும் இப்போது மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு உள்ள, 45 வயதைத் தாண்டிய ஆண்கள். ரத்தத்தில் அளவு இயல்பைத் தாண்டாதபடி கண்காணித்துக் கொடுக்கப்பட்ட ஜெல் அது. மாரடைப்பு கூடவில்லை, உண்மைதான். ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் அங்கேயே கூடுதலாகத் தெரிந்தன. உங்கள் குப்பிக்கும் அந்த ஜெல்லுக்கும் என்ன சம்பந்தம்?

கொழுப்பையே பேசிக்கொண்டிருந்தால் இதயத் தசையை மறந்துவிடுவோம். 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இதய அறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளித்தள்ளப்படும் பங்கு ஸ்டீராய்டு எடுக்காத பளுதூக்குபவர்களுக்குச் சராசரியாக 63 சதவீதமாகவும், அந்தச் சமயத்தில் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 49 சதவீதமாகவும் இருந்தது. டென்மார்க்கில், ஜிம்மில் நடந்த ஸ்டீராய்டு பரிசோதனையில் சிக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைச் சராசரியாக 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மற்றவர்களைவிட மாரடைப்பு 3 மடங்கு, இதயத்தசை நோய் ஏறத்தாழ 9 மடங்கு. நம் 28 வயதுத் தம்பியின் எக்கோவில் அந்தப் பங்கு 42 சதவீதம். "விளையாட்டு வீரர்களுக்கு இதயம் பெரிதாக இருக்கும் என்பார்களே டாக்டர்" என்றார். இருக்கும். ஆனால் அந்த இதயத்தோடு மாடி ஏறினால் மூச்சு வாங்காது.

மருந்துக்கு மருந்து என்றொரு பை வைத்திருக்கிறார்கள். மீன் எண்ணெய் மாத்திரை, ஈரல் பாதுகாப்பு மாத்திரை, சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை. கடைசியாகச் சொன்னதில் இருப்பதே ஒரு வகை ஸ்டேட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து)தான், எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. ஸ்டேட்டினையே நேராகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அது எல்.டி.எல்-ஐ இறக்கும். 14-ஐ 45 ஆக்காது. எச்.டி.எல்-ஐ மருந்தால் ஏற்றிவிட்டால் மாரடைப்பு குறையும் என்று எங்கள் துறையே ஒரு காலத்தில் நம்பியது. நயாசினை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளில் அந்த நம்பிக்கை பொய்த்துப்போனது. ஆகவே எண்ணை அழகாக்குவதில் பயனில்லை, காரணத்தை நிறுத்த வேண்டும். மருந்தை நிறுத்தினால் எச்.டி.எல். சில மாதங்களில் பெரும்பாலும் தானே மீளும். குழாயில் படிந்த கொழுப்பு அப்படிக் கரைந்து போய்விடாது.

நிறுத்துங்கள் என்பதுதான் என் அறிவுரை. தனியாக நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உடல் தன் சொந்த ஹார்மோனைச் சுரக்க மறந்திருக்கும். அந்த இடைவெளியில் வரும் சோர்வையும் மன இறுக்கத்தையும் தாங்காமல்தான் பலர் ஊசிக்குத் திரும்புகிறார்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்துக்கொண்டே நிறுத்துங்கள்.

நிறுத்தப் போவதில்லை என்பவர்களை நான் விரட்டுவதில்லை. பரிசோதனைக்காவது வாருங்கள். லிப்பிட் அறிக்கையை முழுதாகப் படியுங்கள், முடிந்தால் கெட்ட கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ-பி பாருங்கள். பரிசோதனைக்காக மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு நல்ல அறிக்கை வாங்கி வருவது யாரை ஏமாற்ற? ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால், முறையாக டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை பெறுபவருக்கே நாங்கள் மருந்தை நிறுத்திவிடுவோம். ரத்தம் அவ்வளவு கெட்டியாகியிருக்கும். ரத்த அழுத்தத்தைப் பெரிய பட்டையால் அளக்கச் சொல்லுங்கள், உங்கள் கைக்குச் சாதாரணப் பட்டை தப்பாகக் காட்டும். எடைப் பயிற்சிக்கு மறுநாள் ஈரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி. எகிறுவது தசையாலும் இருக்கலாம், ஈரல் போய்விட்டதென்று பதற வேண்டாம். கொழுப்பைக் கரைக்க கிளென்பியூட்டரால் போடுபவர்கள் இன்றே தூக்கி எறியுங்கள். ஆஸ்துமாவுக்கான மருந்து அது, இதயத்தைக் குதிரைபோல் ஓடவைக்கும், பொட்டாசியத்தையும் இறக்கிவிடும்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திட்டினால் நோயாளி மறைப்பார். வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு, சாதாரணக் குரலில் கேளுங்கள்.

நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். 28 வயதுக்காரருக்கு மாரடைப்பா என்று அவசரப் பிரிவில் இருப்பவரும் தயங்கக்கூடும். அதனால் என்ன போட்டீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் போலீசைக் கூப்பிட மாட்டோம். பெயர் தெரியாவிட்டால் குப்பியையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள்.