ஜன்னலில் விழுந்த 7 மில்லிமீட்டர் வடு

2016-இல் விண்வெளி வீரர் டிம் பீக் எடுத்த ஒரு படத்தை அனுப்பி, "ஜன்னலில் ஓட்டை விழுந்தும் காற்று ஏன் வெளியேறவில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது ஓட்டை இல்லை, கண்ணாடியில் சில்லு பெயர்ந்த 7 மி.மீ. வடு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் பூமியையும் நிலையத்தின் வெளிப்புற வேலைகளையும் பார்க்க அமைத்த கூப்போலா என்ற சிறு அறையில் ஏழு ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் பல அடுக்குக் கண்ணாடி. அதனால் ஆபத்தில்லை. ஆனால் அந்த வடுவை உண்டாக்கியது அநேகமாக விண்வெளிக் குப்பையில் (ராக்கெட், செயற்கைக்கோள்களின் மிச்சங்களில்) ஒரு பெயின்ட் துணுக்கோ உலோகத் துகளோதான், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே இருந்திருக்கும் என்கிறார்கள்.

எல்லாம் வேகம் செய்யும் வேலை. அங்கே மோதல்கள் சராசரியாக வினாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் நடக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் வரும் 1 கிராம் துண்டும், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் 1 டன் காரும் ஒரே ஆற்றலோடு மோதும்.

சரி, தடிமனான இரும்புக் கவசம் போடலாமே? அவ்வளவு எடையை ராக்கெட்டில் ஏற்றி மாளாது. இதற்கு ஃபிரெட் விப்பிள் என்ற வானியலாளர் 1940-களிலேயே, ஒரு செயற்கைக்கோள்கூடப் பறக்காத காலத்தில், விண்கல் துகள்களை மனதில் வைத்துச் சொன்ன வழி எனக்கு இன்னும் வியப்புதான். சுவருக்கு முன்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. அவ்வளவே! அலுமினியத்தில் ஒலி வினாடிக்கு சுமார் 6 கி.மீ. தான் போகும். துகள் அதைவிட வேகமாக வருவதால், மோதலின் அழுத்தம் சாதாரண ஒலி அதிர்வாகப் பரவ முடியாமல், கடுமையான அதிர்ச்சி அலையாகத் துகளுக்குள் பாய்கிறது. அந்த அதிர்ச்சி அலையில் துகள் நொறுங்கி, உருகி, தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு புகைமேகம் போல வெளியே வந்து, இடைவெளியில் விரிந்து, சுவர் மேல் பரவலாகப் படிகிறது. கல்லால் அடிப்பதற்கும் ஒரு கை மணலை வீசுவதற்கும் உள்ள வித்தியாசம். அதனாலேயே வினாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் வரும் துகள் சில சமயம் இதைவிட ஆபத்தானது. அது சரியாக நொறுங்காது.

ஜன்னலுக்கு முன்னால் தகடு வைத்தால் பூமியை எப்படிப் பார்ப்பது? அதனால்தான் கூப்போலாவுக்கு மூடிகள் உண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் மூடிவிடுவார்கள்.

இந்தத் தகடு ஏறக்குறைய 1 செ.மீ. அளவுத் துண்டு வரைக்கும்தான் தாங்கும். 10 செ.மீ.க்கு மேற்பட்ட பெரிய துண்டுகளை ரேடாரில் பார்த்து நிலையம் விலகிக்கொள்ளும். நடுவில் உள்ளவற்றுக்கு இரண்டுமே உதவாது. சுற்றுப்பாதையில் 1 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகள் 10 லட்சத்துக்கும் அதிகம். 2007-இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்து இந்தக் குப்பையைக் கூட்டியது. 2019-இல் நாமும் ஒன்றை உடைத்தோம். தாழ்வான பாதை என்பதால் பெரும்பாலான துண்டுகள் சீக்கிரம் விழுந்தன என்றாலும், அன்றைய கொண்டாட்டத்தில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. உடைக்கக் கொடுத்த பணத்தைப் பொறுக்கி எடுக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.