காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளையை ஏன் வாட்டில் வைத்திருக்கிறார்கள்?

மாரி பிடித்து வளவெல்லாம் தண்ணீர் தேங்கும் நாட்களில், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எந்தச் சிறுவர் வாட்டுக்குள் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும். "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு டொக்டர், இண்டைக்கு வீட்ட போகத் துண்டு வெட்டுவீங்களா?" மூன்று நான்கு நாள் நெருப்பாய்க் கொதித்த உடம்பு குளிர்ந்திருக்கும். பிள்ளை எழும்பி உட்கார்ந்து கதைக்கும். தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஆனால் டெங்கு என்று உறுதியான பிள்ளையின் கட்டிலைத் தாதியர் அடிக்கடி சுற்றத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். மணிக்கு மணி பிறஷர் பார்ப்பார்கள், நாடி பார்ப்பார்கள். குடித்ததை எழுதி வை, சலத்தை அளந்து வை என்று தாய்க்கும் வேலை சொல்வார்கள்.

இது ஏன் என்று தெரிந்த தாய் அந்த வாட்டில் இன்னொரு தாதிக்குச் சமம். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆறுதலாகவே விளக்குகிறேன்.

டெங்கு வைரஸ் கொண்ட நுளம்பு கடித்து 4 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். உடம்பு கொதிப்பது வைரஸ் இரத்தத்தில் பெருகும் காலம். பிறகு நோய் எதிர்ப்பாற்றல் கை ஓங்கி, வைரஸ் குறைந்து, காய்ச்சல் இறங்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு கதை அங்கேயே முடிந்துவிடும். சிலருக்கு மட்டும், பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குருதிக் கலன்களுக்கு வெளியே கசியத் தொடங்கும். காய்ச்சல் இறங்குவதும் கசிவு தொடங்குவதும் அனேகமாக ஒரே நேரத்தில் நடக்கும். டெங்குவில் பிள்ளைகளின் உயிருக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு இந்தக் கசிவால்தான்.

கலன் எங்கும் உடைவதில்லை. குருதிக் கலன்களின் உட்சுவரில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த மிக மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. கிளைகோகலிக்ஸ் என்பார்கள். தண்ணீரையும் உப்பையும் அளவோடு போகவிட்டு, அல்புமின் போன்ற பெரிய புரதங்களை உள்ளே மறித்து வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வைரஸ் புகுந்த கலங்கள் (உடம்பின் செல்கள்) என்.எஸ்.1 என்றொரு புரதத்தை இரத்தத்தில் விடும். காய்ச்சலின் முதல் நாட்களில் செய்யும் டெங்கு அன்டிஜன் பரிசோதனை தேடுவது இதைத்தான். இந்தப் புரதத்தாலேயே குருதிக் கலன்களைக் கசியச் செய்ய முடியும் என்று 2015இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் பொருட்களும் சேர்ந்து அந்தப் பூச்சைத் தேய்க்கின்றன. வாவியில் வீசும் வலையின் கண் பெருத்துப்போனால் இறால் நழுவுவதுபோல, அல்புமின் நழுவி வெளியே போகும். அது போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் நீர் சேரும். வயிற்றையும் நெஞ்சையும் ஸ்கேன் பண்ணிப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

செங்குருதிக் கலங்கள் பெரியவை, அவை உள்ளேயே நின்றுவிடும். நீர் குறையக் குறைய இரத்தம் தடிக்கும். அந்தத் தடிப்பைக் காட்டும் எண்தான் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் பங்கு. காய்ச்சலின் தொடக்கத்தில் 35 ஆக இருந்தது 42 ஆனால் அது 20 சதவீத ஏற்றம். கசிவு தெளிவாக நடக்கிறது என்று அர்த்தம். பிள்ளையின் விரலில் திரும்பத் திரும்பக் குத்துகிறார்களே என்று மனம் கேட்காமல் இருப்பது இயல்புதான். அந்த எண் மணிக்கணக்கில் மாறக்கூடியது, காலையில் பார்த்ததை வைத்து இரவு முடிவெடுக்க முடியாது.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து மாறினால் அதற்கெதிரான பாதுகாப்பு நெடுநாள் நிற்கும். ஆனால் பிறகு வேறொரு வகை வந்தால், முதல் தடவை உருவான எதிர்ப்புரதங்களே புதிய வைரஸைக் கலங்களுக்குள் கூட்டிப் போய்விடும் நிலை வரலாம். அதனால்தான் இரண்டாம் முறை வரும் டெங்குவைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள். தாயிடமிருந்து எதிர்ப்புரதம் பெற்ற ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முதல் முறையிலேயே இது கடுமையாகலாம்.

பெற்றோரை ஏமாற்றும் இடம் அடுத்தது. பிளாஸ்மா குறையும்போது மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தத்தைக் குறையவிடாமல் உடம்பு காக்கும். அதற்காகத் தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் கலன்களை இறுக்கும். அதனால் கசிவு மோசமாகிக்கொண்டிருக்கும் நேரத்திலும் பிள்ளை தெளிவாகக் கதைக்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும். பிறஷரின் மேல் எண்ணும் ஒழுங்காகவே இருக்கும். கலன்கள் இறுகுவதால் கீழ் எண் மட்டும் மெல்ல ஏறும். 100க்கு 65 ஆக இருந்தது 100க்கு 80 ஆனால் பார்வைக்கு நல்ல பிறஷர் போலத் தோன்றும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் வைத்தியர் ஓடி வருவார். தாதி பிள்ளையின் நகத்தை அமத்திப் பிடித்து விடுவதைக் கவனித்திருப்பீர்கள். வெளிறிய நகம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். கையும் காலும் குளிர்ந்திருந்தால், அதைக் காய்ச்சல் விட்ட குளிர்ச்சி என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

இப்போது சலத்துக்கு வருவோம். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்தால் சலம் குறையும். கருவியே இல்லாமல், பிள்ளையைத் தொடாமல், உடம்புக்குள் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்று மணிக்கு மணி சொல்லும் அடையாளம் அது. கசியும் காலத்தில் கிலோவுக்கு மணிக்கு அரை முதல் ஒரு மில்லிலீற்றர் வரை போனால் போதும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 15 கிலோ பிள்ளைக்கு அது 8 முதல் 15 மில்லிலீற்றர். கூடிப்போனால் மூன்று தேக்கரண்டி. நடு இரவில் அரைத் தூக்கத்தோடு நிற்கும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, அளவுக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் தாயிடம் தாதி கேட்பார், "எவ்வளவு அம்மா?" "பத்துக் கோட்டுக்குக் கொஞ்சம் மேல மிஸ்ஸி." "நல்லம், நேரத்தையும் எழுதுங்க." அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அடுத்த மணித்தியாலத்துக்குச் சேலைன் எவ்வளவு என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். நப்கின் கட்டும் குழந்தையென்றால் நப்கினை நிறுத்துக் கணக்கெடுப்பார்கள். ஒருமுறை கொட்டுப்பட்டுவிட்டால் கொட்டுப்பட்டது என்றே சொல்லிவிடுங்கள். மனதில் பட்ட அளவை எழுதுவதுதான் ஆபத்து.

சேலைன் ஏற்றாமல் சும்மா வைத்திருக்கிறார்கள் என்று வாசலில் நிற்கும் அப்பாவோ வாப்பாவோ கோபப்படுவதும் உண்டு. கோபத்தில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும்: நீர் குறைகிறது என்றால் நீரை நிறையக் கொடுக்க வேண்டியதுதானே? ஆனால் கசிவு நிற்கும் முன் ஏற்றும் சேலைனில் ஒரு பங்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்குமே போய்ச் சேரும். கசிவு 24 முதல் 48 மணித்தியாலத்தில் தானாக நின்றுவிடும். அதன் பிறகு வெளியே போன நீர் முழுவதும் இரத்தத்துக்குத் திரும்பும். தேவைக்கு மிஞ்சி ஏற்றியிருந்தால் அப்போது நுரையீரலில் நீர் கட்டி மூச்சுத் திணறும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அதனால்தான் பிள்ளையின் நிறையைக் கொண்டு ஒரு மொத்த அளவு போடுகிறார்கள். 15 கிலோ பிள்ளைக்குச் சாதாரண நாளில் 1,250 மில்லிலீற்றர் நீர் வேண்டும். கசிந்து போவதை ஈடுசெய்ய இன்னும் ஒரு பங்கு சேர்ப்பார்கள். வாயால் குடிக்கும் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல்), கஞ்சி, இளநீர் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்கும். பார்க்க வந்த மாமி பாசத்தில் ஊட்டிவிடும் ஒரு கிளாஸ் ஜூஸையும் எழுதித்தான் ஆக வேண்டும். சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம் என்பது, பிள்ளை சத்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று பிரித்தறிய முடியாமல் போகும் என்பதால்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் தொலைபேசியில் முதலில் கேட்பது இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் எண்ணிக்கையைப் பற்றித்தான். 1 இலட்சத்துக்குக் கீழே வேகமாக இறங்கினால், கசியும் கட்டம் நெருங்குகிறது என்று வைத்தியருக்கு அது மணி அடிக்கும். அந்த வகையில் முக்கியமான எண். ஆனால் இரத்தப்போக்கு இல்லாத பிள்ளைக்கு எண்ணைக் கூட்டுவதற்காகப் பிளேட்லெட் ஏற்றுவதில் பயனில்லை. குணமாகும் கட்டத்தில் அது தானாகவே ஏறும். பப்பாசி இலைச் சாற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்: கசிவை அடைக்கும் மருந்து அது இல்லை. கசப்பில் பிள்ளை சத்தி எடுத்தால் இருக்கிற நீரும் போய்விடும், வைத்தியருக்கும் குழப்பம்.

வீட்டில் இருக்கும்போதே செய்யக்கூடியவற்றில் நான் மிகவும் வற்புறுத்துவது, காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் குறித்து வைப்பதை. வைத்தியரின் கடிகாரம் அங்கிருந்துதான் ஓடும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை கட்டாயம். பனடோல் (பரசிட்டமோல்) கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அதற்கு மேல் கூட்டினால், டெங்கு ஏற்கெனவே தாக்கியிருக்கும் ஈரலுக்கு இரட்டைச் சுமை. ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அசிட், பின்பக்கம் வைக்கும் டைக்குளோஃபெனக் ஆகிய வலி மருந்துகள் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை என்பதால் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். விடாமல் சத்தி, வயிற்றுக்குத்து, சோர்ந்து படுப்பது, ஆறு மணித்தியாலம் சலம் போகாதது, முரசிலோ மூக்கிலோ இரத்தம் - இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை பார்க்கக் கூடாது. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டெங்கு கூடும் மாரியில்தான் வெள்ளம் ஏறி வீதியும் மூடும். வானம் இருட்டிக் கிடந்தால் ஒரு நாள் முந்தியே பிள்ளையோடு இக்கரைக்கு வந்துவிடுவது நல்லது.

கசிவு நின்ற பிறகு வரும் மாற்றம் பார்க்கவே மகிழ்ச்சியானது. சலம் நிறையப் போகும், பிள்ளைக்குப் பசிக்கும், கை கால் அரிக்கும். சிவந்த தோலில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் தெரியும். மருந்தில்லாமல் காய்ச்சல் இல்லாதிருந்து, சாப்பாடு இறங்கி, பி.சி.வி. நிலையாகி, பிளேட்லெட் ஏறத் தொடங்கிய பிறகுதான் துண்டு வெட்டுவார்கள்.

வாட்டில் காய்ச்சல் பிள்ளையை நுளம்பு வலைக்குள் படுக்க வைப்பது மற்றப் பிள்ளைகளுக்காக. காய்ச்சல் நாட்களில் அதன் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். கடித்த நுளம்பு அடுத்த கட்டிலுக்கும் கொண்டுபோகும். வீட்டிலும் அதே கதைதான். பிள்ளையைக் கடித்த நுளம்பு அண்ணனையோ தங்கச்சியையோ கடித்திருக்கலாம். ஆகவே வீட்டுக்கு வந்த கையோடு பூச்சாடித் தட்டு, தண்ணீர்த் தொட்டி, வளவில் கிடக்கும் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துவிட்டு, அடுத்த இரண்டு கிழமைக்கு மற்றப் பிள்ளைகளில் யாருக்காவது உடம்பு சுடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.