உப்பே போடாத சூப்பில் பத்து கிராம் உப்பு

"சாப்பாட்டுல உப்பைப் பாதியாக்கிட்டேன் மேடம். ராத்திரிக்கு வெறும் சூப்தான்." மாத்திரை எடுத்தும் ரத்த அழுத்தம் இறங்காமல் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்த ஒரு அம்மா சொன்னது இது. 'வெறும் சூப்' என்று யார் சொன்னாலும், அதில் என்னென்ன போடுகிறார்கள் என்று கேட்டுவிடுவேன். க்ரீம் ஸ்டைல் சோளம் ஒரு டின், சூப் கியூப் ஒன்று, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி. அவரும் கணவரும் பகிர்ந்துகொள்வார்கள். தனியாக உப்பு போடுவதே இல்லை.

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். லேபிளில் பெரும்பாலும் உப்பு என்று இருக்காது, சோடியம் என்றுதான் இருக்கும்; அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். அவர் வாங்கும் டின்னில் 100 கிராமுக்கு 250 மில்லிகிராம் சோடியம். 400 கிராம் டின் முழுவதற்கும் 1,000 மில்லிகிராம், அதாவது 2.5 கிராம் உப்பு. 10 கிராம் கியூபில் ஏறக்குறைய பாதி உப்புதான். சோயா சாஸில் இன்னும் 2 கிராமுக்கு மேல். ஆக மொத்தம் 10 கிராமை நெருங்குகிறது, ஆளுக்கு 5. ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் உண்மையாகவே பத்தியம் இருந்தவர் அவர்.

சூப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஹாங்காங் வீடுகளிலும் இதே டின்னைத் திறந்துதான் அவசரத்துக்குச் சோள சூப் வைக்கிறார்கள். பெயரில் க்ரீம் இருந்தாலும் பல டின்களில் பாலாடை கிடையாது. மசித்த சோளம், மாவு, சர்க்கரை, உப்பு, அவ்வளவே. டின்னில் இருக்கும் உப்பே இரண்டு பேருக்குத் தாராளம். கியூபும் சாஸும்தான் வேண்டாதவை.

இப்படி வையுங்கள். டின் சோளத்தோடு இரண்டு கப் தண்ணீர், தட்டிய இஞ்சி சேர்த்துக் கொதிக்க விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுங்கள். கெட்டியானதும் அடுப்பை நன்றாகக் குறைத்து, அடித்த முட்டையை நூல் போல விட்டபடி ஒரே திசையில் மெதுவாகக் கிளறுங்கள். முட்டை இதழ் இதழாக விரியும். சீனர்கள் அதை 'முட்டைப் பூ' என்பார்கள். மாவுக்கு முன்னால் முட்டையை ஊற்றினால் அது தூள் தூளாகிவிடும். முட்டை நன்றாக வெந்ததும் வெள்ளை மிளகுத்தூளும் வெங்காயத்தாளும் தூவுங்கள். சீனச் சமையலின் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, நம் நல்லெண்ணெயில் அந்த வாசனை வராது. அதனால் ஒரு கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துப் போடச் சொல்கிறேன். உப்புக் குறைவே தெரியாது. ஒன்று மட்டும்: பொட்டாசியம் கலந்த 'சோடியம் குறைந்த உப்பை' சிறுநீரக நோய் உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அப்புறம் டின். உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, ஓரத் தையலில் நசுங்கியிருந்தாலோ திறக்காமலே தூக்கிப்போடுங்கள். திறக்கும்போது பீய்ச்சி அடித்தாலும் அப்படியே. நம்மில் பலர் முகர்ந்து பார்த்து, நாக்கில் ஒரு துளி வைத்து முடிவு செய்கிறோம். தயவுசெய்து வேண்டாம். சோளம், காளான் போன்ற புளிப்பில்லாத டின் உணவுகளில் போட்டுலிசம் கிருமி வளர்ந்தால், அதன் நஞ்சுக்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது அது.

பாதி டின் மிஞ்சினால் டின்னோடு வைக்காமல் மூடி உள்ள கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.