தொட்டிப் பவளம் எப்படி நிறமேறுகிறது?

வாங்கும்போது ஊதாவும் பச்சையுமாக மின்னிய அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் துண்டு, வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு வந்த சில வாரங்களில் வெறும் பழுப்பாகிவிடுவது உண்டு. உயிரோடுதான் இருக்கும், வளரவும் செய்யும். நிறம் மட்டும் போயிருக்கும். உடனே பெரும்பாலோர் கைவைப்பது விளக்கில்தான். நீலத்தைக் கூட்டுவார்கள், வெள்ளையைக் குறைப்பார்கள், கடைசியில் விளக்கையே மாற்றுவார்கள். பல நேரம் கோளாறு தண்ணீரில் இருக்கும். விளக்கு பவளத்துக்கு மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கிறது: உணவுக்கு வழி செய்கிறது, நிறமிகளை உருவாக்கத் தூண்டுகிறது, உருவான நிறத்தை நம் கண்ணுக்குக் காட்டுகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

முதலில் பழுப்பு. பவளம் ஒரு விலங்கு. அதன் திசுச் செல்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் திசுவில் பத்து லட்சக் கணக்கில் இருக்கும். இவை ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. இவற்றிடம் இருக்கும் குளோரோபில் ஏ, குளோரோபில் சி2, பெரிடினின் ஆகிய நிறமிகள் நீலத்தையும் பச்சையில் ஒரு பகுதியையும் உறிஞ்சிக்கொள்வதால் பாசி பொன்பழுப்பாகத் தெரிகிறது. பாசி பெருகினால் பவளம் பழுப்பாகும். பாசி ஒரேயடியாக வெளியேறினால் வெண்ணிற எலும்புக்கூடு தெரியும். வெளிறுதல் என்பது அதுதான்.

பச்சை, சிவப்பு, ஊதா, நீலம் எல்லாம் பவளம் தானே தயாரிக்கும் புரதங்கள். 1962-ல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீனிலிருந்து பச்சை ஒளிர்புரதத்தைப் பிரித்தெடுத்தார். அந்தப் புரதத்துக்காக 2008-ல் அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. தானாக ஒளி உமிழாத பவள இனங்களிலும் இதே குடும்பத்துப் புரதங்கள் இருப்பதை 1999-ல் மிகைல் மாட்ஸ் குழுவினர் காட்டினார்கள். இன்று உலகெங்கும் உயிரியல் ஆய்வகங்களில் பயன்படும் டிஎஸ்ரெட் என்ற சிவப்புப் புரதம், பலரும் தொட்டியில் வளர்க்கும் டிஸ்கோசோமா என்ற மஷ்ரூம் பவளத்திலிருந்து வந்தது.

இந்தப் புரதங்களில் இரண்டு வகை உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் விளக்கின் அமைப்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. முதல் வகை ஒளிர்பவை. நீல ஒளியை உறிஞ்சி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பி உமிழும். பச்சை வகை ஏறக்குறைய 480–505 நானோமீட்டரில் உறிஞ்சி 520-ஐ ஒட்டி உமிழ்கிறது. சிவப்பு வகைகள் 575-க்கு மேல் உமிழ்கின்றன. இரண்டாம் வகை ஒளிராதவை. இவை 560–590 நானோமீட்டர் அளவில் மஞ்சளை உறிஞ்சி, மிச்சத்தைப் பிரதிபலிக்கும். அக்ரோபோராவின் ஊதா, இளஞ்சிவப்பு, ஆழ்ந்த நீலம் பெரும்பாலும் இந்த வகை. வெறும் நீல விளக்கின் கீழ் இந்த நிறமி வேலை செய்வதே தெரியாது, ஏனென்றால் அது உறிஞ்ச வேண்டிய மஞ்சளும் திருப்பித் தர வேண்டிய சிவப்பும் அந்த ஒளியில் இல்லை. பச்சை ஒளிர்வு மட்டும் பளிச்சென்று தெரியும். ஊதாக் கிளை கருமையாக நிற்கும். அதன்மேல் கொஞ்சம் வெள்ளை ஒளி விழுந்த கணத்தில் ஊதா தெரியும். அங்கே மாறியது பவளம் அல்ல, காட்சிதான்.

பவளத்துக்கு இந்தப் புரதங்கள் எதற்கு? ஆழமற்ற நீரில் வாழும் இனங்களில் இவை நிழல் தருகின்றன. மிகுதியான ஒளி பாசிகளைத் தாக்காமல் ஒரு பங்கை வடிகட்டுகின்றன. வளரும் கிளை நுனியில் பாசி குறைவு, கீழே வெள்ளை எலும்புக்கூடு ஒளியைத் திருப்பியடிக்கிறது. அதனால் நுனியிலும் காயம் ஆறும் விளிம்பிலும் நிறமி அதிகமாகச் சேர்கிறது. நீல ஒளியின் அளவு கூடும்போது பல இனங்களில் இந்தப் புரதங்களின் உற்பத்தியும் கூடுகிறது என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மான் குழு காட்டியிருக்கிறது. நிழலில் வைத்த அக்ரோபோரா நிறமிழப்பது இதனால்தான்: தற்காப்பு தேவைப்படாத இடத்தில் பவளம் அதற்குப் புரதத்தைச் செலவழிப்பதில்லை. எந்தப் புரதத்துக்கான மரபணு இல்லையோ, அந்த நிறத்தை எந்த விளக்கும் வரவழைக்காது.

ஒரு விதிவிலக்கான புரதம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிராக்கிஃபில்லியா ஜியோஃப்ராயி என்ற சதைப்பற்றான பவளத்திலிருந்து 2002-ல் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்ட கயேடே, பிறக்கும்போது பச்சையாக ஒளிரும். 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியோ புறஊதா ஒளியோ பட்டால் நிரந்தரமாகச் சிவப்புக்கு மாறிவிடும். லோபோஃபில்லியாவிலும் இதையொத்த புரதம் உண்டு. இத்தகைய பவளங்கள் உங்கள் தொட்டியில் பச்சையாகவே நின்றுவிட்டால், விளக்கில் ஊதா ஒளி தரும் எல்இடிச் சிப்புகள் இருக்கின்றனவா, அவை எரிகின்றனவா என்று பாருங்கள். ஊதா நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் அதன் ஆற்றல் குறைவல்ல. எரியும் சிப்பை நேராகப் பார்க்க வேண்டாம்.

விளக்கும் அளவும்

கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகிறது. ஆழம் கூடக் கூட நீலமே மிஞ்சும். பவளப் பாசியின் நிறமிகளும் அந்த நீலத்துக்கு ஏற்றவை. நீல எல்இடிக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகியோர் 2014-ல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். அந்தக் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால், இவ்வளவு குறைந்த மின்சாரத்தில், தண்ணீரைச் சூடாக்காமல், வீட்டில் அக்ரோபோரா வளர்ப்பது எளிதாக இருந்திருக்காது.

நல்ல பவள விளக்கில் 450 நானோமீட்டரை ஒட்டிய ராயல் புளூ, 470-ஐ ஒட்டிய நீலம், 400 முதல் 430 வரையிலான ஊதா ஆகிய சிப்புகள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். வெள்ளை எல்இடி என்பதும் உள்ளே நீலச் சிப்புதான். மேலே பூசிய பாஸ்பர் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. தொடக்கத்துக்கு நீலங்களையும் ஊதாவையும் ஒரே சதவீதத்தில் வைத்து, வெள்ளையை அவற்றின் 15 முதல் 30 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். சிவப்பும் பச்சையும் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அவை கண்ணுக்கு நிறச் சமநிலை தருவதற்கு மட்டுமே. ஸ்டைலோபோரா பிஸ்டிலாட்டா பவளத்தில் செய்த ஆய்வு ஒன்றில் சிவப்பு ஒளி அதன் நலத்தைக் குறைத்தது தெரியவந்தது.

எவ்வளவு ஒளி என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. நம் கண் பச்சைக்குத்தான் கூர்மையானது. நீலம் எவ்வளவு பலமாக இருந்தாலும் மங்கலாகவே தோன்றும். லுமென், லக்ஸ் இரண்டும் கண்ணுக்கான அலகுகள் என்பதால் இங்கே உதவாது. தேவைப்படுவது பார் (PAR) அளவு: 400–700 நானோமீட்டர் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது. மஷ்ரூம், சோவாந்தஸ், தோல் பவளங்களுக்கு 50–120 போதும். யூஃபிலியா, லோபோஃபில்லியா போன்றவற்றுக்கு 75–150. மொண்டிப்போராவுக்கு 150–250, அக்ரோபோராவுக்கு 200–350. பார் மீட்டரை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கினாலும் போதும், ஆனால் அது நீலத்தைச் சரியாக அளக்கும் வகையா என்று பாருங்கள். சூரிய ஒளிக்கென்று செய்த பழைய வகை உணரிகள் நீல எல்இடியைக் குறைத்துக் காட்டும். அந்த எண்ணை நம்பி விளக்கைக் கூட்டுபவர்கள் பவளத்தைச் சுட்டுவிடுவார்கள். தண்ணீருக்குள், பம்ப் ஓடும்போது, மேலிருந்து கீழாக மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் நடு, இரு ஓரம் என்று அளந்து ஒரு தாளில் வரைபடமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரமும் கணக்கில் சேரும். முதல் இரண்டு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் முழு ஒளி, கடைசி இரண்டு மணி நேரம் இறக்கம் என்று வைத்தால், அது எட்டு மணி நேர முழு ஒளிக்குச் சமம். 250 பார் என்றால் நாளொன்றுக்கு 7.2 மோல். ஒளிச்சேர்க்கை ஓர் அளவுக்கு மேல் கூடாது. அதற்கு மேல் விழும் ஒளி, தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத்தான் உண்டாக்கும். முழு ஒளி நேரத்தைப் பன்னிரண்டு மணியாக நீட்டுவதால் நிறம் வருவதில்லை, கண்ணாடியில் பாசிதான் வரும்.

எல்இடியின் பெரிய குறை நிழல். சிறு புள்ளியிலிருந்து ஒளி வருவதால் கிளைகளின் அடிப்புறம் இருட்டாகிவிடும். மேல்புறம் ஊதா, அடிப்புறம் பழுப்பு, பிறகு அடித்திசு உரிந்து போகும். ஒரு பலத்த விளக்கைத் தொட்டியின் நடுவில் தொங்கவிடுவதைவிட, இரண்டு மூன்று சிறியவற்றைப் பரப்பி, நீர்மட்டத்திலிருந்து 20–30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் குறைந்த சதவீதத்தில் எரிப்பது நல்லது. வெவ்வேறு கோணத்திலிருந்து ஒளி விழும், நிறப்பட்டைகள் தரையில் ஓடுவதும் குறையும். ஒளியைப் பரப்பும் பால்நிறத் தகடு பொருத்தினால் பார் குறையும், அதை மீண்டும் அளந்து ஈடு செய்யுங்கள். லென்ஸில் உப்பு படிவதைத் துடைக்காமல் விட்டு, பிறகு ஒருநாள் பளிச்சென்று துடைத்தால் பவளத்துக்கு அது திடீர் வெயில். வாரந்தோறும் துடைப்பதே சரி.

புதுத் துண்டை நேராக உச்சியில் ஒட்டாதீர்கள். இலக்கின் பாதி அளவில், மணல்மட்டத்தில் இரண்டு வாரம் வைத்துப் பிறகு படிப்படியாக உயர்த்துங்கள். விளக்கையே மாற்றினால் பழைய பார் அளவுக்கும் கீழே தொடங்கி வாரத்துக்கு 5 சதவீதம் கூட்டுங்கள். நிறமி உருவாக வாரங்கள் ஆகும்; தினமும் அமைப்பை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

நிறம் கெடும் இடம்

ஒளி சரியாக இருந்தும் பவளம் பழுப்பாக இருந்தால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளவிடுங்கள். இவை பாசிக்கு உரம். நைட்ரேட் 20 பிபிஎம்-மைத் (பத்து லட்சத்தில் 20 பங்கை) தாண்டி, பாஸ்பேட் 0.2-க்கு மேல் நிற்கும் தொட்டியில் சூசாந்தெல்லே அடர்ந்து, பவளத்தின் சொந்த நிறத்தை மூடிவிடுவது வழக்கம். நிறமி அழிந்திருக்க வேண்டியதில்லை, பழுப்புத் திரைக்குப் பின்னால் இருக்கலாம்.

எதிர்த்திசையில் போவது இதைவிட ஆபத்து. இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கினால் முதலில் பவளம் இளநிறத்தில் அழகாகத் தெரியும், பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். அது பட்டினி. தொடர்ந்தால் திசு மெலிந்து நுனிகள் வெளுக்கும், மணலில் பழுப்புச் சளியாக டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் படரும். நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் இல்லாத நிலை தனிக் கேடு: அப்படிப் பாஸ்பேட் பட்டினியில் இருக்கும் பவளம் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் வெளிறுகிறது என்பதை வீடன்மான் குழு 2013-ல் வெளியிட்டது. நைட்ரேட் 5–10, பாஸ்பேட் 0.03–0.1 என்ற வரம்பில் நிலையாக நிறுத்துவதே பாதுகாப்பானது. நைட்ரேட் பூஜ்யமாக இருந்தால் தூய பொட்டாசியம் நைட்ரேட்டை ஆர்ஓ நீரில் கரைத்து விடலாம்: 100 லிட்டரில் 1 பிபிஎம் ஏற 0.16 கிராம். பாஸ்பேட்டை இறக்க இரும்பு ஆக்சைடு போட்டால், சொன்ன அளவில் கால் பங்குடன் தொடங்குங்கள். ஒரே நாளில் 0.2-லிருந்து 0.02-க்கு விழுந்தால் அக்ரோபோரா அடியிலிருந்து உரிய வாய்ப்புண்டு.

காரத்தன்மை 7.5–9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 420, மக்னீசியம் 1300–1350 பிபிஎம், உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25–26 டிகிரி. இவற்றில் நிறத்தோடு நேரடியாக விளையாடுவது காரத்தன்மையின் ஏற்ற இறக்கம். உரம் குறைந்த தொட்டியில் 10-க்கு மேல் ஏறினால் வளரும் நுனி கருகும். ஒரு நாளில் 0.5-க்கு மேல் மாற்ற வேண்டாம். 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் ஆகும். பவளம் 1 டிகேஎச் செலவழிக்கும்போது கால்சியத்தில் ஏறக்குறைய 7 பிபிஎம் இறங்கும் என்பதால், காரத்தன்மையை வாரம் இருமுறை அளந்தாலே மற்றதைக் கணிக்கலாம்.

அறிகுறியைப் படிக்கும் வழி இது: மேல்புறம் மட்டும் வெளிறி, நிழலில் இருக்கும் பகுதி நன்றாக இருந்தால் ஒளி மிகுதி. உடல் முழுதும் ஒரே சீராக வெளுத்தால் உரப் பற்றாக்குறை. முழுதும் பழுப்பாகி, பாலிப்புகள் எனும் பவளத்தின் சிற்றுயிர்கள் நன்றாக விரிந்திருந்தால் ஒளி போதவில்லை அல்லது உரம் மிகுதி. அடியிலிருந்து திசு உரிந்து வெறும் எலும்புக்கூடு தெரிந்தால் விளக்கைத் தொடாதீர்கள்; காரத்தன்மையையும் நீரோட்டத்தையும் பார்த்துவிட்டு, நல்ல நுனியை வெட்டி வேறிடத்தில் ஒட்டுங்கள்.

துண்டு வாங்கும்போது நீல விளக்கை அணைத்து வெள்ளையில் காட்டச் சொல்லுங்கள். புகைப்படத்தை நம்பி வாங்குவதாக இருந்தால், மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்ததா என்று கேளுங்கள். அந்த வடிகட்டி நீலத்தை வெட்டி ஒளிர்வை மட்டும் எடுத்துக் காட்டும். கல் பவளங்கள் அனைத்தும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பிற்சேர்க்கையில் இருப்பதால் நாடு விட்டு நாடு போக அனுமதிச் சான்று வேண்டும். கடலிலிருந்து எடுத்ததைவிட, எல்இடியின் கீழேயே பல தலைமுறை வெட்டி வளர்த்த துண்டுதான் மேல்: உங்கள் தொட்டியின் ஒளி அதற்குப் புதிதல்ல. அது எத்தனை பாரில் வளர்ந்தது என்று விற்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால், உங்கள் வரைபடத்தில் அதே எண் உள்ள இடத்தை இலக்காக வைத்து, முன்பு சொன்னபடி படிப்படியாக அங்கே கொண்டுபோகலாம்.