லிபர்டேரியன் என்பவர் ‘விடுதலைவாதி’ அல்லர்

அமெரிக்க அரசியலைத் தமிழில் எழுதுகிறவர்கள் லிபர்டேரியன் (தனிமனிதரின் உடலிலும் சொத்திலும் அரசு தலையிடக் கூடாது என்பவர்) என்ற சொல்லைக் கண்டதும் ‘விடுதலைவாதி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சிலர் லிபரலையும் இதையும் ஒன்றாகக் குழப்பி ‘தாராளவாதி’ என்கிறார்கள். பின்னது வெறும் கவனக்குறைவு, எளிதில் திருத்திவிடலாம். முன்னது அப்படியல்ல. அகராதிப்படி சரிபோலத் தோன்றுவதால் யாரும் அதைத் திருத்துவதில்லை.

லத்தீனில் ‘லிபர்’ என்றால் அடிமையல்லாதவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மனிதருக்குச் சுயவிருப்பம் உண்டு, எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டதல்ல என்று வாதிட்ட தத்துவத் தரப்பை ஆங்கிலத்தில் ‘லிபர்டேரியன்’ என்று அழைத்தார்கள். 1857இல் பிரெஞ்சு அரசின்மைவாதி ஜோசப் தெஜாக், அரசும் வேண்டாம் தனிச்சொத்தும் வேண்டாம் என்ற பொருளில் ‘லிபர்தேர்’ என்றார். அமெரிக்காவில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்துக்குப் பிறகு ‘லிபரல்’ என்ற சொல் அரசு நலத்திட்டங்களின் பக்கம் போய்விட்டது. பெயரை இழந்த சந்தை ஆதரவாளர்கள் 1950களில் ‘லிபர்டேரியன்’ என்பதை எடுத்துக்கொண்டார்கள். சொத்தை மறுத்தவரின் சொல், சொத்துரிமையே எல்லா உரிமைக்கும் அடிப்படை என்பவர்களிடம் வந்து சேர்ந்தது.

தமிழில் ‘விடுதலை’ என்றால் ஒரு கட்டு அவிழ வேண்டும். சிறை, அடிமைத்தனம், சாதி, அந்நிய ஆட்சி இவற்றில் ஏதாவது ஒன்று எதிரே நின்றால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர். 1935இல் தொடங்கிய திராவிட இயக்க நாளேட்டுக்கு அந்தப் பெயர் வைத்தது சும்மா அல்ல. லிபர்டேரியனின் கோரிக்கை வேறு. என் உடலிலும் என் சொத்திலும் அரசு கைவைக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தச் சொத்தின் வாசலில் நிற்பவருக்கு என்ன கட்டு இருக்கிறது என்பது லிபர்டேரியனின் கேள்வியே அல்ல.

இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு 1964. அந்த ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம், அரசு அலுவலகங்களோடு நிற்காமல் தனியார் விடுதி, உணவகம், திரையரங்கு, வேலைவாய்ப்பு ஆகியவற்றிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. ஜார்ஜியா மாநிலத்தில் 216 அறைகள் கொண்ட ‘ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல்’ கறுப்பினத்தவருக்கு அறை தர மறுத்துவந்தது. அதன் உரிமையாளர் மோர்டன் ரோல்ஸ்டன் வழக்கறிஞர், தன் வழக்கைத் தானே உச்ச நீதிமன்றம் வரை நடத்தினார். யாரை விருந்தினராக ஏற்பது என்பது சொத்துரிமையில் அடங்கும் என்றார். அதோடு நிற்கவில்லை. விரும்பாதவருக்கு அறை கொடுக்கும்படி வற்புறுத்துவது கட்டாய ஊழியம், ஆகவே அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்கே அது முரண் என்றும் வாதிட்டார். அடிமைகளை விடுவித்த சட்டப்பிரிவை அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கு எதிராக நீட்டினார். நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. இந்த மனிதரை எந்த நாக்கால் ‘விடுதலைவாதி’ என்பது?

‘அப்படியானால் இனவெறியர் என்றே எழுதலாமே’ என்பார்கள். அதுவும் பிழை. 1917இல் லூயிவில் நகரச் சட்டம் ஒன்று வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெருவில் கறுப்பினத்தவர் குடியேறுவதைத் தடுத்தபோது, அதை உடைத்தது இதே சொத்துரிமை வாதம்தான். வாதாடியவர் மூர்ஃபீல்ட் ஸ்டோரி, அக்காலத்து சந்தைச் சுதந்திர மரபினர், கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் முதல் தலைவர். 1964 அதிபர் தேர்தலின் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரும் (தன்னைப் பழைமைவாதி என்றே சொல்லிக்கொண்டவர், லிபர்டேரியன்கள் தம் முன்னோடியாகக் கொண்டாடுபவர்) 1957, 1960 குடிசார் உரிமைகள் சட்டங்களை ஆதரித்துவிட்டு, 1964இல் தனியார் தொழிலைத் தொட்ட பிரிவுகளுக்காகவே எதிர்த்து வாக்களித்தார். ஆனால் அந்தத் தேர்தலில் சொந்த மாநிலம் அரிசோனாவைத் தவிர அவர் வென்ற ஐந்தும் இனப் பாகுபாடு வேரூன்றிய ஆழ்தெற்கு மாநிலங்கள். மிசிசிப்பியில் 87 விழுக்காடு. அங்கே வாக்களித்தவர்கள் கொள்கை நுணுக்கத்தைப் பார்த்தா வாக்களித்தார்கள்? பிற்பாடு லிபர்டேரியன் பொருளியலாளர் முரே ராத்பார்ட் அந்த வாக்குகளைத் தெரிந்தே தேடிப் போனார். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக்கின் வேட்பாளர் திட்டத்தில் தங்களுக்கு ஒவ்வாதது எதுவும் இல்லை என்று 1992இல் எழுதினார். கொள்கைக்கும் வெறுப்புக்கும் இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பெயர்ச்சொல் அந்தத் தூரத்தை மறைக்கவும் கூடாது, முன்கூட்டியே தீர்ப்பு எழுதவும் கூடாது.

ஆகவே என் தேர்வு ‘தன்னுரிமைவாதி’. ‘தன்’ என்ற முன்னொட்டே இது யாருடைய உரிமை என்று சொல்லிவிடுகிறது. உடல், சொத்து, ஒப்பந்தம் மூன்றும் அதில் அடங்கும். தேசிய இனங்களின் தன்னுரிமை என்றும் நம்மிடம் வழக்கு இருப்பதால், முதல் முறை எழுதும்போது ‘தனிமனிதத் தன்னுரிமைவாதி’ என்று விரித்துவிட்டால் குழப்பம் இல்லை. ‘தனியுரிமைவாதி’ வேண்டாம், அது அந்தரங்க உரிமை பேசுபவராகிவிடும். தெஜாக் போன்ற பழைய இடதுசாரிகளுக்கு ‘விடுதலைவாதி’ தாராளமாகப் பொருந்தும்.

இதே கட்டுரைகளில் இன்னும் இரண்டு சொற்கள் பாடாய்ப் படுகின்றன. 1964 சட்டத்தைக் ‘குடியுரிமைச் சட்டம்’ என்று எழுதுகிறார்கள். குடியுரிமை என்பது ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் தகுதி. கறுப்பின அமெரிக்கர்களுக்கு அது 1868இலேயே 14ஆவது திருத்தத்தால் உறுதியாகிவிட்டது. இன்னொன்று இதைவிட மோசம். 1948இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கி, ஸ்ட்ராம் தர்மண்டை அதிபர் வேட்பாளராக நிறுத்திய தென்மாநிலக் கட்சியின் பெயரிலும் முழக்கத்திலும் இருந்த ‘ஸ்டேட்ஸ் ரைட்ஸ்’ என்பதை ‘மாநில சுயாட்சி’ என்று மொழிபெயர்க்கிறார்கள். 1974இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய சொல் அது. அதைக் கொண்டுபோய் தர்மண்ட் தலையில் சூட்டினால் வாசகர் அவரை அண்ணாவின் கூட்டாளி என்றுதான் நினைப்பார். ‘மாநில அதிகாரக் கட்சி’ என்று எழுதி, எதற்கான அதிகாரம் என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அது பள்ளியிலும் ரயிலிலும் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைக்கும் அதிகாரம்.