கேம்பர் கேஸ்ல க்ரில் மாட்டுறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரை எண்ணிப் பாருங்க

கேம்பர் வண்டிகளுக்கு, அதாவது உள்ளயே தங்கி சமைச்சு ஊர் சுத்துற வண்டிகளுக்கு, கேஸ் லைன் வேலை பாக்குறவன் நான். சீசன் ஆரம்பிச்சா போதும், வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "வண்டிக்கு வெளில கேஸ் பாயிண்ட் இருக்கு, புதுசா வாங்குன போர்ட்டபிள் க்ரில்லை அதுல மாட்டுனேன், முழுசா திறந்தாலும் மெழுகுவர்த்தி மாதிரிதான் எரியுது, க்ரில் டிபெக்டா?" பெரும்பாலும் க்ரில்ல ஒரு டிபெக்டும் இருக்காது. சிலிண்டர்ல இருந்து பர்னர் வரைக்கும் நடுவுல எத்தனை ரெகுலேட்டர் இருக்குன்னு எண்ணிப் பாருங்க, ரெண்டு இருக்கும். ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா கறி வேகாது, அவ்வளவுதான், உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அதை சரி பண்றேன்னு இறங்கி கடைசில ஒண்ணு கூட இல்லாம ஆக்கிடுறாங்க, தலைவலி போய் திருகுவலி வந்த கதைதான் அது, அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல அழுத்தம் எப்படின்னு பாத்துடுவோம். சிலிண்டருக்குள்ள ப்ரொப்பேன் திரவமா கிடக்கு, அதுக்கு மேல ஆவியா நிக்குது. உள்ள அழுத்தம் எவ்வளவுங்கிறது கேஸ் எவ்வளவு மிச்சம் இருக்குங்கிறதைப் பொறுத்தது இல்ல, சூட்டைப் பொறுத்தது. 0 டிகிரி செல்சியஸ்ல சுமார் 55 பிஎஸ்ஐ (ஒரு சதுர இன்ச்சுல எத்தனை பவுண்டு அழுத்தம்னு சொல்ற அளவு), 21 டிகிரில சுமார் 110, வெயில்ல 38 டிகிரிக்குப் போனா 170 பக்கம் வந்துடும். வண்டிக்குள்ள இருக்கிற அடுப்புக்கு வேண்டியதோ அரை பிஎஸ்ஐ கூட இல்ல. வட அமெரிக்க கேம்பர்கள்ல இதை 11 இன்ச் வாட்டர் காலம்னு சொல்லுவாங்க, அதாவது ஒரு டியூப்ல தண்ணிய 11 இன்ச் உயரம் தூக்கி நிறுத்துற அழுத்தம், சுமார் 0.4 பிஎஸ்ஐ. ஐரோப்பிய கேரவன்கள்ல 30 மில்லிபார்னு போட்டிருக்கும், கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனா மரையும் பிட்டிங்கும் வேற, அதனால ஐரோப்பாவுல வாங்குனதை வட அமெரிக்க வண்டில மாட்டலாம்னு நினைக்க வேண்டாம்.

110-ஐ 0.4 ஆக்குறது யாரு, ரெகுலேட்டர்தான். கேம்பர்ல சிலிண்டர் பக்கத்துலயே, அழுத்தத்தை ரெண்டு படியா குறைக்கிற ரெண்டு ஸ்டேஜ் ரெகுலேட்டர் ஒண்ணு இருக்கும் (ஸ்டேஜ் ரெண்டா இருந்தாலும் கணக்குல ஒண்ணுதான், குழப்பிக்காதீங்க). அடுப்பு, பிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் அதுக்கு அப்புறம் வர்ற லைன்லதான் ஓடுது, வெளில இருக்கிற குயிக் கனெக்ட் (திருகாம அழுத்தி மாட்டுற) பாயிண்டும் பெரும்பாலும் அதே லைன்ல இருந்து எடுத்ததுதான். போர்ட்டபிள் க்ரில்லோ 1 பவுண்டு குட்டி சிலிண்டரை நேரா மாட்டுறதுக்காக செஞ்சது, அதனால அதோட வாயிலயே ஒரு ரெகுலேட்டர் வெச்சிருப்பாங்க. நூறு பிஎஸ்ஐ வரும்னு கணக்குப் போட்டு உள்ள ரொம்பச் சின்ன ஓட்டைதான் வெச்சிருப்பாங்க, அதுக்கு 0.4-ஐ குடுத்தா முழுசா திறந்திருந்தாலும் எவ்வளவு கேஸ் போகும், கொஞ்சமாத்தான் கசியும்.

சரி, இப்ப என்ன பண்றது? க்ரில்லைத் திருப்பிப் போட்டு அந்த ரெகுலேட்டர் எப்படி மாட்டியிருக்குன்னு பாருங்க. தனித் துண்டா, மரை போட்டு கழட்டுற மாதிரி இருந்தா, அதைக் கழட்டிட்டு ரெகுலேட்டர் இல்லாத ஹோஸ் ஒண்ணை குயிக் கனெக்ட் பிளக்கோட மாட்டலாம். ஆனா அதுக்கு முன்னாடி க்ரில் அடில ஒட்டியிருக்கிற லேபிள்ல மேனிபோல்ட் பிரஷர் (பர்னருக்குப் போற கேஸோட அழுத்தம்) 11 இன்ச்னு இருக்கான்னு படிங்க, இல்லன்னா மேனுவல்ல பாருங்க. கேம்ப் ஸ்டவ் சிலது அதைவிட ரொம்ப அதிக அழுத்தத்துல ஓடுற மாதிரி செஞ்சது, பர்னருக்கு கேஸைப் பீச்சுற ஜெட்ல ஓட்டை ரொம்பச் சின்னதா இருக்கும், அதுல ரெகுலேட்டரைக் கழட்டிட்டு கேம்பர் லைன்ல மாட்டுனாலும் தீ சோம்பலாத்தான் எரியும். உடனே டிரில்லை எடுத்து ஜெட் ஓட்டையைப் பெருசு பண்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், ஓட்டை கொஞ்சம் பெருசானாலே காத்தும் கேஸும் கலக்குற கணக்கு மாறிடும், மஞ்சளா புகைஞ்சு எரியும், கார்பன் மோனாக்ஸைடும் கூடும்.

நிறைய சின்ன க்ரில்ல ரெகுலேட்டரும் திருகுற நாபும் ஒரே துண்டா வரும். அதைப் பிரிக்கவே முடியாது, பிரிக்கவும் கூடாது. க்ரில் கம்பெனிக்காரங்களே அந்த மாடலுக்கு லோ பிரஷர் வால்வு செட் விக்குறாங்கன்னா வாங்கி மாட்டுங்க. இல்லன்னா க்ரில்லை அப்படியே விட்டுட்டு சிலிண்டர் பக்கம் மாத்துறதுதான் வழி. கேம்பர் சிலிண்டருக்கும் வண்டி ரெகுலேட்டருக்கும் நடுவுல ஒரு பித்தளை டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதுல இருந்து ஹை பிரஷர் ஹோஸ்ல க்ரில்லுக்குக் கொண்டு போகலாம். இங்க வர்றது சிலிண்டரோட முழு அழுத்தம், அதனால சொந்த ரெகுலேட்டர் இருக்கிற க்ரில்தான் அதுல மாட்டணும், ஹோஸும் ப்ரொப்பேனுக்குன்னே செஞ்ச ஹை பிரஷர் ஹோஸா இருக்கணும், பொதுவா 350 பிஎஸ்ஐன்னு மேலயே அச்சடிச்சிருக்கும்.

என்னைக் கேட்டா இது எதுவும் வேண்டாம்பேன். 5 பவுண்டோ 20 பவுண்டோ ஒரு தனி சிலிண்டர் வாங்கிக்கோங்க, அடாப்டர் ஹோஸ் ஒண்ணு, க்ரில்ல ஒரு ஆணியைக் கூடத் தொட வேண்டாம், வண்டி லைன்லயும் கை வைக்க வேண்டாம், எங்க வேணும்னாலும் தள்ளி வெச்சு சமைக்கலாம். 1 பவுண்டு ப்ரொப்பேன்ல சுமார் 21,600 பிடியூ (வெப்பத்தை அளக்குற அலகு) இருக்கு, மணிக்கு 10,000 பிடியூ எரிக்கிற க்ரில்லுக்கு 20 பவுண்டு சிலிண்டர் 40 மணி நேரத்துக்கு மேல தாங்கும். எங்க வேலையைக் கெடுத்துக்கிற யோசனைதான் இது, இருந்தாலும் சொல்றேன்.

இப்ப நான் நிஜமா பயப்படுற விஷயத்துக்கு வர்றேன். ரெகுலேட்டர் கழட்டின க்ரில் இருக்கே, அது அதுக்கப்புறம் வேற பொருள். பாக்குறதுக்கு அதே க்ரில்தான், ஆனா இனிமே எந்த சிலிண்டர்லயும் நேரா மாட்டக் கூடாது. மாத்தினவருக்கு அது தெரியும், அவர் மச்சானுக்குத் தெரியாது. ஒருத்தர் என்கிட்ட கொண்டு வந்த க்ரில்ல அப்படித்தான் ஆயிருந்தது. கேம்பர் இல்லாத ஒரு நாள் சொந்தக்காரங்க எடுத்துட்டுப் போயிருக்காங்க, ஹோஸ் முனைல இருக்கிற பிளக் சிலிண்டர்ல சேரலைன்னதும் ரெண்டு அடாப்டர் வாங்கி ஒண்ணு மேல ஒண்ணு திருகி எப்படியோ மாட்டிட்டாங்க. நாபோட ஒரு பக்கம் உருகி வழிஞ்சு இறுகிப் போயிருந்தது, அதுக்குப் பின்னாடி தகடு நீலம் பாஞ்சிருந்தது, அதாவது தீ பர்னர்ல இல்ல, பேனலுக்கு உள்ள வால்வுத் தண்டு பக்கத்துல எரிஞ்சிருக்கு. ஹோஸ் வெடிக்காதது அவங்க நல்ல நேரம், பத்த வைச்சவருக்குப் புருவம்தான் போச்சு. பிளக் உள்ள போயிடுச்சு, மரை சேர்ந்துடுச்சுங்கிறதுனால அழுத்தமும் சேரும்னு அர்த்தம் கிடையாது. அடாப்டர் மேல அடாப்டர் போட வேண்டி வந்தாலே அங்கயே நிறுத்திடுங்க, சேரக் கூடாதுன்னுதான் அந்த மரையை வேற வேறயா வெச்சிருக்காங்க.

அதனால நான் மாத்திக் குடுக்குற ஒவ்வொரு க்ரில்லயும் நாப் பக்கத்துல ஒரு தகடு கட்டி விடுவேன், "ரெகுலேட்டர் இல்லை, கேம்பர் லைனுக்கு மட்டும்"னு பொறிச்சு. பேப்பர் ஸ்டிக்கர் ஒரு சமையல்லயே கருகிடும். கழட்டின ரெகுலேட்டரையும் க்ரில் பெட்டிக்குள்ளயே வெச்சுக் குடுத்துடுவேன், திருப்பி மாட்டணும்னா தேட வேண்டாம் பாருங்க.

லீக் டெஸ்ட் பத்தி எல்லாருக்கும் தெரியும், யாரும் பண்றதில்ல. பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணில கெட்டியா கலக்கிக்கோங்க, அமோனியாவோ ப்ளீச்சோ கலந்த கிளீனர் வேண்டாம், அது பித்தளையை அரிக்கும். க்ரில் நாபை மூடி வெச்சுட்டு சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு இணைப்புலயும் பிரஷ்ல தடவுங்க. பெரிய லீக்னா உடனே குமிழ் வரும். சின்ன லீக் அப்படி வராது, ஒரு நிமிஷம் கழிச்சு நட்டோட ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா நுரை தடிச்சுக்கிட்டே வரும், தடவுன உடனே அடுத்ததுக்குப் போயிட்டா அது கண்ணுல படவே படாது. தீக்குச்சி கொளுத்திப் பாக்குற ஆளுங்க இன்னும் இருக்காங்கன்னா நம்புவீங்களா. இன்னொண்ணு, பிளேர் பிட்டிங்ல (முனை கூம்பு மாதிரி இருக்கிற இணைப்பு) டேப் சுத்தாதீங்க, அது உலோகத்தோட உலோகம் அழுந்தி அடைக்கிறது, டேப் துணுக்கு உள்ள போய் ஜெட்டைத்தான் அடைக்கும். பைப் மரைக்கு மட்டும்தான் டேப், அதுவும் கேஸுக்குன்னு வர்ற மஞ்சள் டேப்.

ரெகுலேட்டர் ஒண்ணுதான் இருக்கு, ஆனாலும் தீ சின்னதா இருக்கா? சிலிண்டர் வால்வை சட்டுனு திறந்திருப்பீங்க. ரெகுலேட்டரை சிலிண்டர்ல மாட்டுற அந்தப் பெரிய பிளாஸ்டிக் நட்டுக்குள்ள கேஸ் வேகத்தைக் கட்டுப்படுத்துற ஒரு அமைப்பு இருக்கு, திடீர்னு கேஸ் பாஞ்சா ஹோஸ் அறுந்துடுச்சுன்னு நினைச்சு அது அடைச்சுக்கும். எல்லாத்தையும் மூடி, கழட்டி, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி மாட்டி மெதுவா திறங்க, சரியாயிடும்.

க்ரில்லை எங்க வைக்கிறதுங்கிறதுலயும் கவனம் வேணும். ப்ரொப்பேன் காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், கசிஞ்சா மேல போகாது, தரையோட தவழ்ந்து வண்டிக்கு அடில இருக்கிற பெட்டி, வென்ட்டுனு புகுந்துக்கும், காத்துல வெறும் 2 சதவீதம் கலந்தாலே பத்திக்கும். கேம்பருக்குள்ள கேஸ் டிடெக்டரைத் தரைப் பக்கத்துல வைக்கிறது அதனாலதான். ஹோஸ் நீளம் இருக்கிற வரைக்கும் வண்டியை விட்டுத் தள்ளி வைங்க, ஜன்னலுக்கு நேரா வேண்டாம், மழை வந்துடுச்சுன்னு ஆனிங்குக்கு (வண்டியோட பக்கத்துல விரிக்கிற துணிப் பந்தல்) அடிலயோ உள்ளயோ இழுத்து வைக்கவே வேண்டாம்.

சமைச்சு முடிச்சதும் முதல்ல பாயிண்ட்ல இருக்கிற வால்வை மூடுங்க, ஹோஸ்ல மிச்சம் இருக்கிற கேஸ் எரிஞ்சு தீ தானா அணையட்டும், அப்புறம் க்ரில் நாபை மூடிட்டு குயிக் கனெக்ட் வளையத்தைப் பின்னால இழுத்துக் கழட்டுங்க. கழட்டின கையோட ரப்பர் மூடியைப் போட்டுடுங்க, ஹோஸ் முனைக்கும் சேத்து. மூடி தொலைஞ்ச பாயிண்ட்ல மண்ணும் சிலந்திக் கூடும் எடுக்கறது எங்க வேலைல தினசரி நடக்குறது, அந்த மண்ணு உள்ள இருக்கிற ஓ-ரிங்கை (கேஸ் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) கீறிடுச்சுன்னா அப்புறம் எத்தனை தடவை மாட்டுனாலும் சோப்புத் தண்ணி நுரைச்சுக்கிட்டேதான் இருக்கும்.